கடைசி வண்டி வந்த நேரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நமது வாலிபர் எட்டுப் பேர் கண்டியிலிருந்து நுவரெலியா வரை மூன்று நாள் துவிச்சக்கரவண்டிச் சுற்றுப்பிரயாணம் செய்தோம். அதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். மூன்று நாளையும் விரித்துரைத்தால் கேட்பதற்கு உங்களுக்கு நான்காம் நாள் ஒன்று வேண்டியிருக்கும். ஆகவே கடைசி நாளைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறேன். அந்தக் கடைசி நாளைப் பற்றித்தான் நமது சங்கத்தில் இரண்டு அபிப்பிராயம் நிலவுகிறது.

மாலை நான்கு மணிக்கு நுவரெலியாவை அடைவோம் என்று அறிவித்திருந்தோம். அடைந்தபோது மணி ஏழு. கோயில் வாசலில் மாலையும் தேநீருமாக நின்றிருந்த பெரியோர் சிலர், "ஒரு பையனுக்காக இத்தனை பேரையும் குளிரிலே நிற்க வைக்கலாமா?" என்று கேட்டார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அடுத்த வருடம் முதல் கடைசி நாளில் நேரம் குறித்து, முந்தி வருபவருக்குப் பரிசு வைக்கலாம், பிந்துபவரை லொறியில் ஏற்றிவிடலாம் என்றொரு யோசனையும் செயற்குழுவின் முன் இருக்கிறது. அந்த யோசனை வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இங்கு நிற்கிறேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் கம்பளை வழியாக நாவலப்பிட்டி. இரண்டாம் நாள் கினிகத்தேனை, வட்டவளை கடந்து ஹற்றன். மூன்றாம் நாள் ஹற்றனிலிருந்து நுவரெலியா. இந்தக் கடைசிப் பகுதி ஏறக்குறைய 45 கிலோமீற்றர். தூரத்தைக் கேட்டால் சிறிது. ஆனால் மலைநாட்டில் தூரத்தை மட்டும் பார்த்துப் புறப்படுபவன் ஏமாந்து போவான். அங்கே பார்க்க வேண்டியது உயரம்.

ஹற்றன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொட்டகலையைத் தாண்டியபின் வீதி இறங்குகிறது. டெவன் நீர்வீழ்ச்சியையும், அப்பால் சென் கிளயர் நீர்வீழ்ச்சியையும் பார்த்தபடி, அதிகம் மிதிக்காமலே தலவாக்கலைக்கு வந்து சேரலாம். தலவாக்கலை சுமார் 1,200 மீற்றர். நுவரெலியாவோ 1,868 மீற்றர். ஆக, இறங்கி முடிந்த இடத்திலிருந்து 650 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். அதுவும் இரண்டு நாள் களைத்த கால்களோடு! இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துவிடும். மிதிக்காமல் வந்த கால் குளிர்ந்து இறுகிவிடும். அந்த நிலையில் முன்னே மலை நிற்கும்.

லிந்துலைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தபோது, எங்களில் மிக இளைய தம்பியின் வண்டியில் செயின் அறுந்தது. கியர் இல்லாத பழைய வண்டி அது. அவருடைய தகப்பனார் கொழுந்து மடுவத்துக்குப் போய்வரும் வண்டி. கையிலிருந்த உதிரி இணைப்பைப் போட்டுப் பூட்டினோம். அரைக் கிலோமீற்றர் போவதற்குள் வேறோர் இடத்தில் அறுந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் திறந்த கடை இல்லை. அப்போது மணி இரண்டை நெருங்கியிருந்தது.

மரக்கறி ஏற்றுவதற்காக நுவரெலியா நோக்கிப் போன வெறும் லொறி ஒன்று நின்றது. சாரதி நல்ல மனிதர். "தம்பியையும் வண்டியையும் ஏத்துங்க, அரை மணியிலே கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றார். தம்பியும், "அண்ணே, நான் லொறியிலே போயிடுறேன். என்னால நீங்க பிந்த வேணாம்" என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்களில் மூத்தவர் சொன்னார்: "எட்டுப் பேரா பொறப்பட்டோம். எட்டுப் பேராவே போவோம், தம்பி."

அதன்பின் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தம்பிக்கு ஒருவர் தமது வண்டியைக் கொடுத்தார். செயின் அறுந்த வண்டியை ஒருவர் தள்ளிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு கிலோமீற்றர்க் கல்லிலும் ஆள் மாறினோம். நடப்பவரின் வேகமே எல்லோருடைய வேகமும் ஆயிற்று. ரதல்ல குறுக்கு வீதியால் போனால் நேரம் மிச்சம் என்று ஒருவர் சொன்னார். 2023 ஜனவரியில் ஏழு உயிர்களைப் பலிகொண்ட விபத்து அந்தச் செங்குத்தான வீதியில்தான் நேர்ந்தது. இருட்டப்போகும் நேரத்தில் அந்த வழி வேண்டாம் என்று தீர்மானித்து, பிரதான வீதியாலேயே போனோம். நானு ஓயாவில் மூடுபனி இறங்கியது. அங்கிருந்து கடைசி எட்டுக் கிலோமீற்றரில், முன்னே போனவரின் பின்விளக்கு ஒன்றே எங்களுக்கு வழிகாட்டி.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். ஒரு கூட்டுப் பிரயாணம் எப்போது முடிகிறது? முதல் வண்டி வந்தபோதா, கடைசி வண்டி வந்தபோதா?

இதற்கு நானு ஓயா புகையிரத நிலையமே விடை சொல்லும். 1885ஆம் ஆண்டு முதல் அங்கே புகைவண்டி வந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் மேடையைத் தொட்டதும் வண்டி முழுதாய் வந்து சேர்ந்தது என்று ரயில் ஊழியர் கொள்வதில்லை. கடைசிப் பெட்டியின் பின்னால் உள்ள அடையாள விளக்கைக் கண்ட பிறகே, இடையில் ஒரு பெட்டியும் கழன்று நிற்கவில்லை என்று நிச்சயிக்கிறார்கள். பெட்டிகளை வழியில் விட்டுவிட்டு எஞ்சின் மட்டும் குறித்த நேரத்துக்கு வந்தால் அதை யார் மெச்சுவார்?

பந்தயம் கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்தயத்துக்கு அதற்குரிய இடம் உண்டு. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் பெரிய பந்தயம் 1903இல் முதன்முதல் நடந்தபோது 60 பேர் புறப்பட்டார்கள். 21 பேரே முடித்தார்கள். வென்றவர் மொரிஸ் காரன். அந்த 21ஆம் ஆளாக வந்த மில்லொஷோ, மொத்த நேரக் கணக்கில் அவருக்கு 64 மணி நேரத்துக்கு மேல் பிந்தியவர். ஆயினும் முடித்தவர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. அந்தப் பந்தயத்தில் கடைசியாக வருபவருக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு: 'சிவப்பு விளக்கு'. அதுவும் புகைவண்டியின் கடைசி விளக்கிலிருந்து வந்த பெயர்தான். பந்தயமே கடைசி ஆளை மறவாதபோது, பந்தயமல்லாத நமது பிரயாணம் அவரை லொறியில் ஏற்றிவிடலாமா?

நமது நூல்களைப் பாருங்கள். மகாபாரதத்தின் முடிவில் தருமபுத்திரர் சொர்க்க வாசலை அடைகிறார். இந்திரன் இரதத்தோடு வந்து அழைக்கிறான். கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று அவர் நின்றுவிடுகிறார். சொர்க்கமே காத்திருந்தது, பெரியோர்களே! நான் படித்த மிஷன் பாடசாலையிலும், தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, தவறிப்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் கதையைச் சொல்லித் தந்தார்கள். இரண்டு வேதத்தாரும் ஒன்றையே சொல்லும்போது அதில் உண்மை இருக்கத்தான் வேண்டும்.

சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில், தம்புள்ளைக்கு அப்பால் ஓர் இறக்கத்தில் வண்டியின் முன்சக்கரம் ஒன்று முறிந்தது. வழியிலே மூன்று மணி நேரம் நிற்க நேர்ந்தது. நாங்களும் சரியாக மூன்று மணி நேரம் பிந்தினோம். இதைத் தவிர சுவாமிகளோடு வேறெந்த ஒப்புமையையும் நான் கோரவில்லை!

இனி நமது வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு 'அரைப்பேர்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் மலையில் நின்று பறித்தும், தராசில் குறித்த நிறை வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். நம் தாய்மார் எத்தனை பேர் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து மடுவத்திலிருந்து இறங்கியிருக்கிறார்கள்! தராசு தோட்டத்தில் இருக்கட்டும். சங்கத்துக்குள்ளும் ஒரு தராசைக் கொண்டுவந்து, "நீ மூன்று நாளும் மிதித்தாய், ஆனால் கடைசியில் லொறியில் வந்தாய், உனக்கு அரைப்பேர்" என்று ஒரு தம்பிக்கு நாம் போடலாமா? அன்று அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் நின்றதன் காரணம் இதுவே என்று நான் நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று. நம் முன்னோர் இந்த மலைக்கு எப்படி வந்தார்கள்? கோப்பித் தோட்டக் காலத்தில் கடலைக் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக வந்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் விழுந்தவர் பலர். கூட்டம் அவர்களுக்காக நிற்கவில்லை. நிற்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவுமில்லை. அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக, 2023 ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையில் முடிந்த நடைபவனியை நீங்கள் அறிவீர்கள். விழுந்தவரை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது அந்தக் காலம். நின்று, கைகொடுத்துக் கூட்டிக்கொண்டு போகும் சுதந்திரம் நமக்கு வாய்த்திருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை நான்கு மணித் தேநீருக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

ஆனால், காத்திருப்பவர்களின் சிரமமும் சிரமமே. ஆகவே செயற்குழுவின் முன் நான்கு யோசனைகளைப் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது, ஏற்றங்களில் மெதுவாகப் போகிறவர் முன்னே போகட்டும்; உடல் வலிமையும் பழுதுபார்க்கும் திறமையும் உள்ளவர் ஒருவர் எப்போதும் பின்னே வரட்டும்.

இரண்டாவது, உதிரிச் செயின், டியூப், பம்ப், விளக்குகள் ஆகியவற்றைச் சங்கச் செலவில் வாங்கி, புறப்படுவதற்கு முதல் வாரமே எல்லா வண்டிகளையும் சோதிக்க வேண்டும். நல்ல வண்டி இல்லாத தம்பிக்குச் சங்கமே ஒன்று இரவல் தர வேண்டும்.

மூன்றாவது, வந்து சேரும் நேரத்தை முன்கூட்டி அறிவிக்காமல், நானு ஓயாவை அடைந்த பிறகு தொலைபேசியில் அறிவிக்கலாம். பெரியோர் அதன்பின் வீட்டிலிருந்து புறப்பட்டால் போதும்.

நான்காவது, நேரம் குறித்த பந்தயம் வேண்டுமானால் அதை வேறொரு நாளில், வேறொரு வீதியில் வைத்துக்கொள்வோம். நானும் ஓடுகிறேன், தோற்கவும் சித்தமாயிருக்கிறேன்.

கடைசியாக ஒரு நன்றி. அன்று நாங்கள் பிந்துவோம் என்று செய்தி அனுப்பிய பிறகும் பெரியோர்களாகிய நீங்கள் கலைந்து போகவில்லை. குறை சொன்னீர்கள், ஆனால் நின்றீர்கள். வழியில் ஒரு தம்பிக்காக நாங்கள் நின்றதும், கோயில் வாசலில் எங்களுக்காக நீங்கள் நின்றதும் ஒரே காரியம் என்றே நான் எண்ணுகிறேன். தேநீர் இரண்டாம் முறை சுடவைக்கப்பட்டிருந்தது. அதைவிட ருசியான தேநீரை இந்தத் தேயிலை நாட்டில் நான் குடித்ததில்லை.

அடுத்த வருடம் பதினைந்து பேர் புறப்படுவோம் என்று நம்புகிறேன். பதினைந்தாவது ஆளும் வந்து சேர்ந்த பிறகே மணியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.