பன்றி எருவும் யூரியா மூட்டையும்: சுமப்பது யார்?



பசளையைப் பற்றிப் பேசத் தொழிற்சங்கத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. மலையில் நைட்ரஜன் குறைந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் கிலோ எட்டாது, அரைப்பேர்தான். ஆகவே இது நம்முடைய சம்பளப் பேச்சு.

யூரியா விலை ஏறும்போதெல்லாம் "எரு போடுங்கள்" என்ற குரல் கேட்கிறது. நல்ல குரல்தான். ஆனால் கணக்கைப் பார்ப்போம். 1,000 கிலோ தேயிலைத் தூளோடு ஏறத்தாழ 40 கிலோ நைட்ரஜன் மலையை விட்டுப் போகிறது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். இரண்டு மூட்டைக்குள் அதை ஈடுகட்டிவிடலாம். ஈரமான பன்றி எருவிலோ நூற்றுக்கு அரைப் பங்குதான். அதே 40 கிலோவுக்கு 8,000 கிலோ எரு வேண்டும். அதிலும் ஒரு பகுதிதான் முதல் வருடத்தில் செடிக்குக் கிடைக்கும். மிச்சம் மெதுவாகத்தான் வரும்.

இந்த எட்டாயிரம் கிலோவை மற்ற நாடுகளில் எப்படி மண்ணில் சேர்க்கிறார்கள்?

அமெரிக்காவின் அயோவா மாநிலம் சோளக்காடு. பன்றிக் கொட்டிலின் தரைக்குக் கீழேயே குழி. அறுவடை முடிந்ததும் குழம்பான எருவைப் பம்பு வைத்து எடுத்து, இயந்திரத்தால் மண்ணுக்குள் செலுத்துகிறார்கள். காரணம் உண்டு: பன்றிக் குழம்பின் நைட்ரஜனில் பெரும்பகுதி அமோனிய வடிவில் இருக்கிறது. யூரியா போலவே சீக்கிரம் பிடிக்கும். மேலே ஊற்றிவிட்டால் காற்றோடு போய்விடும்.

அதே அமெரிக்காவில் வட கரோலினாவைப் பாருங்கள். அங்கே திறந்த குளங்களில் தேக்கி, வயலில் பீய்ச்சி அடித்தார்கள். நைட்ரஜன் பெருமளவு காற்றில் போனது. நாற்றம் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போனது. அங்கே இருந்தவர்களில் பலர் கறுப்பின ஏழைக் குடும்பங்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள்; 2018இல் ஜூரிகள் நட்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். அதே வருடப் புயல் மழையில் பல குளங்கள் வழிந்து ஆற்றில் கலந்தன. வசதி ஒருவருக்கு, அழுக்கு இன்னொருவருக்கு. இது நமக்குப் புதிய கதை அல்ல.

நெதர்லாந்தில் பன்றி அதிகம், நிலம் குறைவு. நிலத்தடி நீர் கெட்ட பிறகு சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டு ஐரோப்பிய விதியின்படி, நீர் கெடும் ஆபத்துள்ள பகுதிகளில் ஒரு ஹெக்டயருக்கு வருடம் 170 கிலோவுக்கு மேல் எரு நைட்ரஜன் போடக்கூடாது. மிஞ்சிய எருவைக் காசு கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள். சீனாவில் பழைய முறை வேறு: வைக்கோலும் மண்ணும் சேர்த்து மக்கவைத்து, மனிதத் தோளில் வயலுக்குக் கொண்டுபோனார்கள்.

நம் நாட்டில் பன்றிப் பண்ணைகள் பெரும்பாலும் நீர்கொழும்பிலிருந்து சிலாபம், புத்தளம் வரையான கரையோரத்தில். தேயிலையோ மேலே. லொறி ஏறி வந்தாலும் ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து சரிவில் ஏற்றுவது யார்? டிராக்டர் அல்ல, நம்முடைய தலையும் முதுகும். ஆகவே நிர்வாகம் எருவுக்கு மாறினால், எத்தனை கிலோ, எவ்வளவு தூரம், எத்தனை நடைக்கு ஒரு பேர் என்று முதலில் எழுத்தில் வரவேண்டும். சப்பாத்தும் கையுறையும் அந்த எழுத்தில் இருக்கவேண்டும்.

லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. ஒரு பாத்தி லீக்ஸுக்கோ கோவாவுக்கோ இரண்டு பன்றியின் எரு பெரிய உதவி. பன்றி வேண்டாம் என்கிற வீடுகளும் உண்டு; அது அவரவர் விருப்பம், மாட்டெரு இருக்கிறது. பச்சை எருவை அப்படியே போடாதீர்கள். மானாப்புல், காய்ந்த இலை கலந்து குவித்து, உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும்வரை விட்டு, பல தடவை புரட்டுங்கள். புழு முட்டையும் கிருமியும் அந்தச் சூட்டில்தான் சாகும். மழை படாமல் மூடுங்கள். கழுவிப் போவது நைட்ரஜன். பச்சை எரு போட்ட பாத்தியில் கரட், ராபு, சலாது பிடுங்க நான்கு மாதமாவது போகட்டும். 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டிலும் பரவியது. அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் நோய் கண்ட கொட்டிலின் எருவை வாங்கிவந்தால் உங்கள் பன்றியும் போகும்.

மூடிய எருக் குழிக்குள் யாரும் இறங்கவேண்டாம். அதில் சேரும் வாயு ஒரு மூச்சில் ஆளை விழுத்தும். தூக்க இறங்கியவரும் சேர்ந்து செத்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிஷனும் ஒரு விவரம் கொண்டுவர வேண்டும்: உங்கள் பீலிக்குத் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது, அதற்கு மேலே எந்த மலையில் எரு கொட்டுகிறார்கள். அந்த இடங்களின் பட்டியலோடுதான் துரையிடம் போவோம்.