வைக்கோல் மின்சாரமும் அனுமதிச் சீட்டும்

தில்லி மாநகரில் வாழும் தமிழன்பர்கள் ஐப்பசி பிறந்துவிட்டதை அறியப் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. காலையில் சாளரத்தைத் திறந்தால் போதும். கண்ணைக் கரிக்கும் புகைமூட்டமே அதனைச் சொல்லிவிடும். மோட்டார் வண்டிகளும் ஆலைகளும் ஆண்டு முழுவதும் புகை கக்குகின்றன என்பது மெய்யே. அப்புகையோடு பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த வயல்களில் மூட்டும் தீயின் புகையும் சில வாரங்கள் வந்து சேர்ந்துகொள்கிறது.

இதற்கு உழவரைப் பழித்துப் பயனில்லை. நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டுப் பஞ்சாப் அரசாங்கம் 2009-ல் இயற்றிய சட்டம், ஜூன் 10-ந் தேதிக்கு முன் நாற்று நடலாகாது என்று விதித்தது. நடவு பிந்தினால் அறுவடையும் பிந்தும். அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே எஞ்சும். அறுவடை யந்திரமோ கதிரை மட்டும் கொண்டுபோய்த் தாளையும் தட்டையையும் வயலிலேயே விட்டுச் செல்கிறது. தஞ்சையில் மாட்டுக்குத் தீனியாகும் வைக்கோல் அங்கே கால்நடைகள் அதிகம் விரும்பாத பண்டம். ஆகவே தீக்குச்சியே மலிவான பணியாளாக அமைகிறது.

வயலில் எரிவதைக் கொதிகலனில் எரித்து மின்சாரம் ஆக்கினால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். அது புதிய எண்ணமுமன்று. பஞ்சாபில் ஜால்கேரி என்னும் ஊரில் வைக்கோலை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் ஆலை 1992-லேயே நிறுவப்பட்டது. வைக்கோல் எளிதில் பிடிகொடுக்கும் எரிபொருள் அன்று என்பதை அந்த ஆலையின் வரலாறு காட்டியது. வைக்கோற் சாம்பலில் உள்ள சாம்பற்சத்தும் மணற்சத்தும் கூடிக் கொதிகலனின் சூட்டில் உருகிக் குழாய்களின்மேல் கண்ணாடிபோல் படிந்துவிடும். பின்னர் நெடுங்காலம் மூடிக்கிடந்த அவ்வாலை 2024-ல் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

வைக்கோல், உமி, கடுகுத் தட்டை, கரும்புச் சக்கை, சீமைக்கருவேல விறகு ஆகியவற்றையெல்லாம் சேர்த்துப் 'பயோமாஸ்' என்று வழங்குகிறார்கள். நாம் தாவர எரிபொருள் என்போம். இவற்றை எரிக்கும் மின்னாலைக்கு அனுமதி எவ்வாறு கிடைக்கிறது, யாரைக் கேட்டு அது வழங்கப்படுகிறது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். சட்டப் பேச்சு என்று எண்ணி நேயர்கள் பெட்டியை மூடிவிட வேண்டாம். இச்சட்டத்தின் ஓர் எண், ஒரு கிராமம் தன் கருத்தைச் சொல்லலாமா கூடாதா என்பதை முடிவு செய்கிறது.

போபால் பெருந்துயர் 1984-ல் நிகழ்ந்தது. அதன் பின் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ் 1994-ல் முதன்முறையாகவும், பிறகு விரிவாக 2006 செப்டம்பர் 14-லும் மத்திய அரசாங்கம் ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. பெருந்தொழில் எதனையும் தொடங்குமுன் அதனால் நீருக்கும் காற்றுக்கும் மக்களுக்கும் விளையக்கூடியவற்றை ஆராய்ந்து முன்னனுமதி பெறவேண்டும் என்பது அதன் சாரம். முழு ஆய்வுக்கு உட்படும் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் உண்டு. முப்பது நாள் முன்னறிவிப்புச் செய்ய வேண்டும். கலெக்டரோ, கூடுதல் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்குக் குறையாத அதிகாரியோ தலைமை வகிக்க வேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் அவ்வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். கூட்ட நிகழ்ச்சிகளை அவ்வட்டார மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும். படக்கருவியிலும் பதிவு செய்ய வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற வரையறை கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் அவர்கள் சொல் ஏட்டில் ஏறும்.

தாவர எரிபொருள் ஆலைகளோ இந்த வாயிலுக்கு வெளியே நிற்கின்றன. 2009-ல் செய்த திருத்தத்தின்படி, 15 மெகாவாட் வரையுள்ள இத்தகைய ஆலைகள், நிலக்கரி போன்ற துணை எரிபொருளை நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படாமல் சேர்ப்பனவாயின், முன்னனுமதி பெற வேண்டுவதில்லை. 2022-ல் அவ்வெல்லை 25 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. இவ்வாலைகள் சூழலுக்கு உகந்தவை என்பதே இச்சலுகைக்குக் காரணம்.

இக்காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. தாவரப் பொருளில் கந்தகம் மிகக் குறைவு. எரிக்கும்போது வெளிப்படும் கரியமிலவாயு, அப்பயிர் வளரும்போது காற்றிலிருந்து வாங்கியதே. திறந்த வயலில் புகைவதைவிட, வடிகட்டும் கருவி பொருத்திய புகைபோக்கியின் கீழ் எரிவது பன்மடங்கு நல்லது என்பதில் நமக்கும் ஐயமில்லை. சிறு முதலாளி ஒருவர் மூன்று மாதம் காற்றையும் நீரையும் அளந்து, கூட்டம் கூட்டி, நிபுணர் குழுவின்முன் நின்று, முடிவுக்குக் காத்திருக்க நேர்ந்தால் அவர் ஆலையே வேண்டாமென்று போய்விடக்கூடும். வைக்கோல் வயலிலேயே எரியும். இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது.

எனினும் 25 மெகாவாட் என்பது சிறியதா? எண்ணைப் பார்த்தால் சிறியதுதான். பெரிய நிலக்கரி நிலையத்தில் ஒரே யந்திரம் 500 மெகாவாட் தருகிறது. ஆனால் கிராமத்தார் அந்த ஆலையை மெகாவாட்டில் அறிவதில்லை. வண்டியிலும் கிணற்றிலும் சாம்பலிலும் அறிகிறார்கள். அந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்போம்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 1.35 கிலோ தாவர எரிபொருள் செல்லும் என்று கொண்டால், 25 மெகாவாட் ஆலை முழுவீச்சில் ஓடும் நாளில் சுமார் 810 டன் தேவை. டிராக்டர் வண்டி ஒன்று 5 டன் ஏற்றுமாயின் ஒரு நாளில் 160-க்கு மேற்பட்ட வண்டிகள் ஊருக்குள் வரவேண்டும். வந்தவை திரும்பவும் வேண்டும். ஆண்டில் ஐந்தில் நான்கு பங்குக் காலம் ஆலை ஓடினால் இரண்டேகால் லட்சம் டன்னுக்கு மேல் ஆகும். ஏக்கருக்கு இரண்டரை டன் வைக்கோல் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 1 லட்சம் ஏக்கரின் வைக்கோல் முழுவதும் அந்த ஒரு வாய்க்கு வேண்டும். நெல் அறுப்பது சில வாரங்களே. ஆலை எரிப்பது ஆண்டு முழுவதும். ஆகையால் மலைமலையாகப் போர் போட்டுக் காக்க வேண்டும். ஒரு பொறி பட்டால் என்னாகும் என்பதை வைக்கோற்போர் வைத்தவர் எவரும் அறிவார்.

நீரின் கணக்கு வேறு. குளிர்கோபுரம் உள்ள பெரிய நிலக்கரி நிலையங்களுக்கு 2015-ல் விதித்த வரம்பு, ஒரு மெகாவாட்-மணிக்கு 3.5 கன மீட்டர். அந்தச் சிக்கனத்தோடு இயங்கினாலும் நமது 25 மெகாவாட் ஆலை நாளொன்றுக்கு 21 லட்சம் லிட்டர் குடிக்கும். காற்றினால் குளிர்விக்கும் முறையும் உண்டு. அதற்குச் செலவு கூடுதல், மின்சாரமும் சற்றுக் குறையும். எம்முறையைக் கைக்கொள்வது என்பதை ஆலைக்காரர் தம் பணப்பையைப் பார்த்து முடிவு செய்வார். பக்கத்துக் கிணற்றுக்காரரை யாரும் கேட்பதில்லை.

சாம்பல் விறகில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். உமியிலும் வைக்கோலிலும் பதினைந்து முதல் இருபது வரை போகும். ஆகவே வைக்கோல் எரிக்கும் நமது ஆலை நாளொன்றுக்கு 120 டன்னுக்குக் குறையாமல் சாம்பல் கழிக்கும். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அது பயன்படும் என்பார்கள், பயன்படும்தான். வாங்குவோர் வரும்வரை அது காற்றில் பறந்து பயிரின்மேல் படியாமல் காப்பவர் யார்?

ஆனால் நம் கருத்தில் எல்லாவற்றினும் பெரிய கேள்வி எரிபொருளைப் பற்றியதே. கழிவு என்று நாம் சொல்லும் பொருள் பலவும் ஏற்கெனவே யாருக்கோ பயன்பட்டுக்கொண்டிருப்பவை. ராஜஸ்தானத்தில் கங்காநகர் ஜில்லாவிலும் டோங்க் ஜில்லாவிலும் கடுகுத் தட்டையை எரிக்கும் எட்டு மெகாவாட் அளவுள்ள ஆலைகள் எழுந்தன. அதே தட்டையை நம்பிச் செங்கற் சூளைகளும் இருந்தன. உமியை எடுத்துக்கொண்டால், நெல் புழுக்கும் ஆலைகள் தாமே அதனை எரித்து நீராவி ஆக்குகின்றன, சூளைக்காரரும் வாங்குகிறார்கள். பெரிய வாய் ஒன்று புதிதாகத் திறந்தால் விலை ஏறும். உழவருக்கு அது நன்மை. முன்பு இலவசமாக அள்ளிச் சென்றவருக்கு இழப்பு. விலை மேலும் ஏறினால் ஆலைக்காரரே தவிப்பார். அப்போது அவர் கண் எங்கே செல்லும்? ஒன்று நிலக்கரிக்கு, மற்றொன்று மரத்துக்கு. சீமைக்கருவேலத்தை வெட்டினால் மகிழ்வோர் பலர். வேலியோர வேம்பையும் வாகையையும் வெட்டினால் யாரிடம் முறையிடுவது?

நூற்றுக்குப் பதினைந்து என்னும் வரம்பு இருக்கிறதே எனலாம். ஒரு டன் நிலக்கரியும் ஒரு டன் வைக்கோலும் ஒரே வெப்பம் தருவனவல்ல. எடையால் பதினைந்தா, வெப்பத்தால் பதினைந்தா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். அதுவும் ஒரு நாளின் கணக்கா, ஓராண்டின் கணக்கா? கிடங்குப் பேரேட்டையும் எடைமேடைச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரி இல்லாவிட்டால் வரம்பு காகிதத்தில் மட்டும் இருக்கும்.

முன்னனுமதி தேவையில்லை என்பதால் இவ்வாலைகளுக்கு அனுமதியே தேவையில்லை என்று நேயர்கள் கருதிவிடலாகாது. 1974-ன் நீர்ச் சட்டமும் 1981-ன் காற்றுச் சட்டமும் இருக்கின்றன. அவற்றின்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆலையை நிறுவ ஓர் இசைவும், பின்னர் இயக்க ஓர் இசைவும் பெற வேண்டும். புகைபோக்கியின் உயரம், புகையில் கலக்கும் தூசியின் அளவு, கழிவுநீர் போகும் வழி முதலியவற்றை வாரியம் நிபந்தனையாக விதிக்கும். ஆனால் இந்த இசைவுக்குப் பொதுக்கூட்டம் வேண்டுவதில்லை. எரிபொருள் எந்த ஊர்களிலிருந்து வரும், இப்போது அதனைப் பயன்படுத்துவோர் யார் என்பதும் இந்த இசைவின் மையக் கேள்வியாவதில்லை. சில மாநிலங்களில் இன்ன வட்டம் இன்ன ஆலைக்கு என்று ஒதுக்கித் தந்ததுண்டு. அது ஓர் ஆலையை மற்றோர் ஆலையிடமிருந்து காக்கும் ஏற்பாடு. சூளைக்காரருக்கும் சுள்ளி பொறுக்கும் பெண்மணிக்கும் அதில் இடமில்லை.

ஆகவே, எல்லையை 25-லிருந்து மீண்டும் 15-க்கு இறக்குவதைவிட, அளவுகோலையே மாற்றுவது தகும் என்று நாம் கருதுகிறோம். பெரிய ஆலைக்குரிய முழு ஆய்வைச் சிறிய ஆலையின் தலையில் சுமத்த வேண்டாம். எரிபொருள் எடுக்கும் வட்டாரத்தின் வரைபடம், தண்ணீர் எடுக்கும் இடம், சாம்பல் போகும் இடம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் அவ்வூர் மொழியில் எழுதிக் கிராமசபையில் ஒரு நாள் படித்தால் போதும். ஆட்சேபங்களைக் குறித்து வாரியத்துக்கு அனுப்பலாம். இதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகாது. எரிபொருட் கணக்கு இல்லாமல் கொதிகலன் வாங்கிப் பின்னர் ஆலையை மூடிவைப்பதைக் காட்டிலும் இந்த ஒரு மாதம் முதலாளிக்கும் இலாபமே.

மொழியைப் பற்றிச் சொன்னது வெறும் சம்பிரதாயத்துக்காக அன்று. 2006-ன் அறிவிக்கைக்குப் பதிலாகப் புதிய அறிவிக்கையின் வரைவு ஒன்று 2020-ல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியாயிற்று. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழிகள் யாவற்றிலும் அது மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30-ல் கட்டளையிட்டது. கருத்துக் கூறும் காலத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது.

இதற்கிடையே அரசாங்கம் மற்றொரு வழியையும் திறந்துள்ளது. இருக்கும் நிலக்கரி நிலையங்களிலேயே வைக்கோலை உருண்டைகளாக அழுத்தி நிலக்கரியோடு கலந்து எரிக்கும் முறை அது. தாத்ரி நிலையம் 2017-ல் இதனைச் செய்துகாட்டியது. தில்லியைச் சூழ்ந்துள்ள நிலையங்கள் கலப்பு அளவை எட்டாவிட்டால் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023-ல் விதிகள் வகுக்கப்பட்டன. புதிய புகைபோக்கி வேண்டாம், புதிய கிணறு வேண்டாம் என்பதால் இவ்வழி நமக்கு உவப்பாகவே தோன்றுகிறது. ஆனால் அதே வைக்கோலுக்கு இன்னொரு வாய் திறந்திருக்கிறது என்பதைச் சிற்றாலைக்கு இசைவு தருவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

தங்கள் ஊர்ப் பக்கத்தில் இத்தகைய ஆலை வருகிறதென்று கேள்விப்படும் நேயர்களுக்கு இரு செய்திகள் பயன்படும். காற்றுச் சட்டத்தின் 51-ம் பிரிவின்படி, இசைவு பெற்றோரின் பதிவேடு ஒன்றை மாநில வாரியம் வைத்திருக்க வேண்டும். சம்பந்தமுள்ளவரோ பாதிக்கப்படுபவரோ அதனைத் தகுந்த நேரத்தில் பார்வையிடலாம். சூழல் பற்றிய வழக்கைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின்முன் கொண்டுசெல்ல நினைப்போருக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து ஆறு மாதக் கெடு உண்டு. தென்னாட்டுக்குரிய அமர்வு சென்னையில் கூடுகிறது.