இளநெஞ்சில் இரக்கம்

பாடசாலை முற்றத்திலே சிறுவன் ஒருவன் தடுக்கி விழுகின்றான். அருகில் நின்றவர்களுள் ஒருவன் நகைக்கின்றான். மற்றொருவன் ஓடிச்சென்று தூக்கி விடுகின்றான். இருவரும் ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம் ஆத்திசூடி பயின்றவர்களே. அறநூலை ஓதுதல் ஒன்றே இரக்கத்தை விளைக்குமாயின் இவ்வேறுபாடு தோன்றியிராது. ஆகவே, பிள்ளைகளின் உள்ளத்தில் இரக்கம் எவ்வாறு வேர்கொள்கின்றது, அதனைப் பெற்றோரும் ஆசிரியரும் எவ்வாறு பேணலாம் என்பன சிந்திக்கத்தக்கவை.

இரக்கத்தின் வித்து மிக இளமையிலேயே காணப்படுகின்றது. ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகரில் பணியாற்றிய பீலிக்ஸ் வார்னெக்கன், மைக்கல் தொமசெலோ என்னும் உளவியலறிஞர் இருவர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். பதினெட்டு மாதக் குழந்தைகள் 24 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். குழந்தையின் கண்முன்னே ஒருவர் துணி உலர்த்துவார். துணிகௌவி கைநழுவி விழும். அதனை எடுக்க முயன்று எட்டாமல் தவிப்பார். மற்றொருகால், இரு கைகளிலும் சுமையேந்தி வந்து, மூடிய அலுமாரியைத் திறக்கமாட்டாது திகைப்பார். இத்தகைய நிலைகளில் 22 குழந்தைகள் ஒருமுறையேனும் வலியச் சென்று உதவின. அவர் வேண்டுமென்றே கௌவியை வீசியெறிந்தபோதோ, குழந்தைகள் பெரும்பாலும் வாளாவிருந்தன. பிறர்தம் தேவையை அறிந்தே அவை உதவின என்பது இதனாற் புலனாகும்.

இவ்வித்தைப் பெரியோர் அறியாமலே கெடுத்துவிடுவதும் உண்டு. 2008 ஆம் ஆண்டில் அதே அறிஞர்கள் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தினர். உதவியதற்குக் கூலியாக விளையாட்டுப் பொருள் பெற்ற இருபது மாதக் குழந்தைகள், கூலி நின்றபின் முன்போல் உதவவில்லை. பாராட்டு மாத்திரம் பெற்ற குழந்தைகளும், ஒன்றும் பெறாத குழந்தைகளும் அவற்றினும் மிகுதியாக உதவின. “தம்பிக்கு விட்டுக்கொடுத்தால் இனிப்புத் தருவேன்” என்னும் தாய், இரக்கத்தை வளர்க்க எண்ணி வாணிகத்தைக் கற்பித்து விடுகின்றாள்.

கூலியைப் போலவே பிரம்பும் பயன்படாது. அடிபட்ட பிள்ளை தன் நோவையே நினைக்குமன்றிப் பிறர் நோவை நினையாது. தவறு செய்த பிள்ளையின் கவனத்தை, அதனால் வருந்துவோர்பால் திருப்புதலே தக்க வழி என்பது மார்ட்டின் ஹொப்மன் என்னும் அமெரிக்க உளவியலறிஞரின் கருத்து. தோழியின் பென்சிலைப் பறித்த சிறுமியிடம், “பிள்ளை, அவளுடைய முகத்தைப் பார், இனி அவள் எதனால் எழுதுவாள்?” என்று அமைதியாகக் கேட்கும் ஆசிரியை, அச்சத்தை அன்று, உணர்வையே எழுப்புகின்றாள்.

கனடாவிலே மேரி கோர்டன் என்னும் கல்வியாளர் 1996 இல் ரொறன்ரோ நகரில் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கினார். கைக்குழந்தை ஒன்று தன் தாயுடனோ தந்தையுடனோ ஆண்டு முழுவதும் இடையிடையே வகுப்புக்கு வரும். அது ஏன் அழுகின்றது, எதனால் மகிழ்கின்றது என மாணவர் உற்றுநோக்கி உரைப்பர். பேசவறியாத உயிரின் உள்ளத்தை அறியப் பழகியவர், பேச அஞ்சி ஒதுங்கும் தோழனின் உள்ளத்தையும் அறிவர் என்பதே அதன் அடிப்படை.

இவையெல்லாம் இருந்தும் இரக்கத்துக்குப் பகையொன்று உண்டு, அது அவசரம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் சமயக் கல்வி மாணவர் 40 பேரிடம் டார்லி, பாட்சன் என்போர் நடத்திய சோதனையின் முடிவு 1973 இல் வெளிவந்தது. அம்மாணவர் சென்ற வழியிலே ஒருவர் துன்புற்றவர்போற் சாய்ந்திருந்தார். ஆறுதலாகச் சென்றோருள் நூற்றுக்கு 63 பேர் உதவினர். மிக விரைந்தோருள் நூற்றுக்குப் பதின்மரே உதவினர். அவர்களுட் பாதிப்பேர், வழியில் வீழ்ந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசவே சென்றுகொண்டிருந்தவர்கள்!

இலங்கைப் பெற்றோர் இதனை ஊன்றி நோக்கவேண்டும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து பிரத்தியேக வகுப்புக்கும், அங்கிருந்து மற்றொரு வகுப்புக்கும் விரட்டுகின்றபோது, அயலிலிருப்பவன் தோழனல்லன், போட்டியாளன் என்ற எண்ணமே வளர்கின்றது. காய்ச்சலால் வராத மாணவனுக்குப் பாடக்குறிப்பை எழுதிக் கொடுத்தல், இடைவேளையில் உணவைப் பகிர்தல், கோடைக்காலத்தில் பறவைக்கு நீர் வைத்தல் ஆகிய சிறு செயல்களுக்கு நாள்தோறும் சிறிது நேரம் வேண்டும். அந்நேரம் வீணன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளைகள் கேட்பதைக் காட்டிலும் காண்பதையே கற்கின்றனர். மெதுவாகக் கற்கும் மாணவனை ஆசிரியர் எவ்வாறு நடத்துகின்றார், வாயிலில் வந்து நிற்கும் ஏழையிடம் தந்தை எவ்வாறு பேசுகின்றார் என்பனவே அவர்களுடைய பாடநூல். அந்நூல் பிழையற அமையுமாயின், இரக்கம் என்னும் பாடத்துக்கு வேறு பரீட்சை வேண்டுவதில்லை.