நோன்பிலும் பெருநாளிலும் உடலெனும் அமானிதம்

 



ரமளான் வருகிறதென்றால் நாம் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கிறோம். தராவீஹுக்கு ஹாஃபிழ்களை அழைக்கிறோம். நோன்புக் கஞ்சிக்கு அரிசி சேர்க்கிறோம். 2001ஆம் ஆண்டு முதல் தமிழக அரசும் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தந்து உதவி வந்திருக்கிறது. இப்படி எல்லாவற்றையும் ஆயத்தம் செய்கிற நாம், முப்பது நாள் நோன்பைச் சுமக்கப்போகும் நம் உடலை ஆயத்தம் செய்கிறோமா?

இக்கேள்வியை உங்களிடம் கேட்பதற்கு முன் என்னிடமே நான் கேட்டுக்கொள்ள நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

என் நாவு செய்த பிழை

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் சிறு கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். நெடுங்காலமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர். ஒரு ரமளானுக்கு முன்பு அவர், “ஹஜ்ரத்! டாக்டரிடம் போனால் நோன்பை விடச் சொல்லிவிடுவார். ஆகவே நான் போகவே இல்லை” என்றார். நானும் யோசிக்காமல், “மாஷா அல்லாஹ்! இதுவல்லவா ஈமானின் பலம்!” என்று பாராட்டிவிட்டேன்.

அந்த ரமளானில் ஒரு நாள், அஸருக்குப் பின் அவருக்கு உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. பக்கத்திலிருந்தவர் மலையாளிச் சகோதரர். கல்வராயன் மலையின் பழங்குடி மக்கள் அப்பெயராலேயே அழைக்கப்படுகின்றனர். முற்றிலும் நினைவு தப்புமுன் அவர் சர்க்கரை கரைத்த நீரைப் பருகச் செய்து, வண்டி பிடித்து, வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலையில் கீழே கொண்டுவந்து சேர்த்தார். அல்லாஹ்வின் கிருபையால் பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

அவரைப் பார்க்கச் சென்றபோதுதான் மற்றொன்றும் தெரிந்தது. பேரப்பிள்ளைகளுக்குப் பெருநாள் துணி எடுக்க அவர் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். அந்தக் கவலையில் இரவெல்லாம் உறக்கமின்றிப் புரண்டு, விடியும் நேரத்தில் கண்ணயர்ந்து, ஸஹர் உண்ணாமலேயே பல நோன்புகளை நோற்றிருக்கிறார். அவர் உடல் வீழ்வதற்கு முன்பே மனம் வீழ்ந்துவிட்டது. இதை அறியாமல் மாஷா அல்லாஹ் என்று சொன்ன என் நாவுக்கும் அதில் பங்குண்டு. இன்றைய பயான் அப்பிழைக்கான பரிகாரம் என்றே கருதுங்கள்.

சலுகையும் மார்க்கமே

நோன்பைக் கடமையாக்கிய அதே அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில்தான், நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் அதை நிறைவேற்றலாம் என்ற சலுகையையும் அல்லாஹ் வழங்கியுள்ளான். நமக்கு எளிதானதையே தான் நாடுவதாகவும் அங்கேயே கூறுகிறான். குணமடையக்கூடிய நோயாளி பின்னர் களாச் செய்கிறார். குணமாகும் நம்பிக்கையில்லாதவர், விடுபட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்து ஃபித்யா கொடுக்கிறார். இச்சலுகையை ஏற்பது பலவீனமன்று, அதுவும் கீழ்ப்படிதலே.

நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தெரிவித்தது. ஆகவே இது யாரோ ஒருவருடைய பிரச்சினையன்று. நம் ஸஃப்ஃபில் நிற்போரின் பிரச்சினை. சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர் நோன்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் செல்லுங்கள். நோன்பு வைக்கலாமா, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். நோயாளிகள் பலர் நோன்பு வைக்க இயலும். எவரால் இயலும் என்பதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே, நாமல்ல.

விரலில் குத்தி இரத்தம் சோதிப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ, 300க்கு மேல் ஏறினாலோ உடனே நோன்பை முறித்துவிட வேண்டுமென்பது மருத்துவர்களின் அறிவுரை. மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் காத்திருக்கலாகாது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு

வயிற்றில் மூன்றில் ஒன்றை உணவுக்கும், மற்றொன்றை நீருக்கும், எஞ்சியதை மூச்சுக்கும் ஒதுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைத் திர்மிதீ பதிவு செய்துள்ளது. நம் இஃப்தாரில் மூச்சுக்கு இடமிருக்கிறதா? பகலெல்லாம் ஓய்ந்திருந்த குடலில் வடையும் சமோசாவும் சர்பத்தும் ஒரே நேரத்தில் இறங்கினால் அது என்ன செய்யும்?

பேரீத்தம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்து, அளவாகக் கஞ்சி குடித்து, மஃரிபைத் தொழுதபின் உணவுக்கு அமருங்கள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த நம் கஞ்சி நல்ல உணவே. அதனருகில் குவியும் எண்ணெய்ப் பண்டங்களே தீங்கு. ஸஹரை ஒருபோதும் விடாதீர்கள். அதில் பரகத் உண்டென்பது நபிமொழி. அந்நேரம் ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்தால் பகலில் தாகம் குறையும். கல்வராயன் மலை மக்கள் விளைவிக்கும் சாமையும் தினையும் நெடுநேரம் பசி தாங்கும் உணவுகள்.

உறக்கத்துக்கும் உரிமையுண்டு

ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்றார்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்றிருந்த அவரை உண்ணச் செய்தார்கள். இரவில் உறங்கச் செய்தார்கள். இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவரும் தொழுதார்கள். இறைவனுக்கும் உனக்கும் உன் குடும்பத்துக்கும் உன்மீது உரிமையுண்டு என்று எடுத்துரைத்தார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாகப் புகாரீயில் காண்கிறோம்.

வணக்கத்துக்கே இந்த வரம்பென்றால், கடைசிப் பத்து இரவுகளைக் கடைவீதியில் கழிப்பதற்கு என்ன நியாயம்? பெருநாளன்று மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் இருசக்கர வாகனத்தில் புறப்படும் இளைஞர்களே! தூக்கம் கெட்ட கண்களோடு மலைச்சாலை வளைவுகளில் ஏறாதீர்கள். உங்கள் தாய் வாசலில் காத்திருக்கிறாள்.

கடனில்லாப் பெருநாள்

பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் நாயகம் (ஸல்) அவர்கள் ஒற்றைப்படையில் பேரீத்தம்பழம் உண்டார்கள். தொழுகைக்கு முன்பே ஃபித்ரா கொடுத்துவிடக் கட்டளையிட்டார்கள். புத்தாடைக்காக வட்டி வாங்கச் சொல்லவில்லை. துவைத்த ஆடையில் மணம் பூசி வருபவரின் பெருநாள் எவ்விதத்திலும் குறைந்ததன்று. நம் பெருமைப் பேச்சுகளே ஏழையைக் கடன்காரனாக்குகின்றன.

நம் பெண்களையும் நினைத்துப் பாருங்கள். நோன்பு நோற்றபடியே ஸஹருக்கும் இஃப்தாருக்கும் அடுப்படியில் நிற்கிறார்கள். பெருநாளன்றும் பிரியாணிச் சட்டியருகே நிற்கிறார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் துணைநின்றதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த ஸுன்னத் நம் வீடுகளில் எங்கே போயிற்று?

பாரம் சுமக்கும் மனம்

துணையை இழந்து முதல் பெருநாளைக் காண்போர், பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருப்போர் நம் மஹல்லாவில் உண்டு. தொழுதுவிட்டு முதலில் அவர்கள் கதவைத் தட்டுங்கள். கவலையை மறக்கத் தவறான கதவைத் தட்டியோரின் முடிவையும் நம் மாவட்டம் கண்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. மனப்பாரம் தாங்காதபோது துஆச் செய்யுங்கள். நம்பிக்கையானவரிடம் மனம் திறங்கள். மருத்துவ உதவியும் நாடுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணானதன்று.

அன்புச் சகோதரர்களே! அந்தப் பெரியவர் அடுத்த ரமளானில் மருத்துவரின் சொற்படி நோன்பு நோற்கவில்லை; ஃபித்யா கொடுத்தார். பள்ளிவாசலில் அமர்ந்து நோன்பாளிகளுக்குக் கஞ்சி ஊற்றினார். அவர் கண்ணில் நீர் நின்றது. “ஹஜ்ரத், எனக்கு நன்மை குறையுமா?” என்று கேட்டார். “அவன் கொடுத்த சலுகையை ஏற்றதற்கு அவன் குறைப்பானா பாய்?” என்றேன். இம்முறை யோசித்துத்தான் சொன்னேன்.

வல்ல ரஹ்மான் நம் உடல்களுக்கு ஆஃபியத்தையும், உள்ளங்களுக்கு நிம்மதியையும் தந்து, ரமளானையும் பெருநாளையும் முழுமையாக அடையும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் வழங்கியருள்வானாக! ஆமீன்.