ஏடும் இறக்கையும்



கெட்டிக்கார இளைஞன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். மேற்படிப்புக்கு அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதே வேளையில் விமானப்படையும் அவனை அழைக்கிறது. ஒரு பக்கம் நூலகம், மறுபக்கம் வானம். எதை அவன் தேர்வது?

தொழில் ஆலோசகரிடம் கேட்டால் சம்பளம், ஓய்வூதியம், சேவைக்காலம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார். நான் விமானம் ஓட்ட அறியாதவன், புத்தகம் படிப்பவன். ஆகவே இந்தக் கேள்வியை ஏட்டறிவாலல்லாது வாழ்ந்தே எதிர்கொண்ட எழுத்தாளர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலாமவர் ஜோன் கிலெஸ்பி மகீ. 1922ஆம் ஆண்டு சீனாவின் ஷங்காய் நகரிலே பிறந்தவர். தந்தை அமெரிக்கர், தாய் ஆங்கிலேயர்; இருவரும் கிறிஸ்தவ மிஷனரிமார். இங்கிலாந்தின் றக்பி பாடசாலையில் படித்த காலத்திலேயே கவிதைக்குப் பரிசு பெற்ற பிள்ளை. 1940ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவருக்குப் புலமைப்பரிசில் வழங்கியது. எந்தப் பெற்றோரும் பெருமைப்படக்கூடிய வாய்ப்பு. மகீ அந்தப் படியை மிதிக்கவில்லை. அமெரிக்கா அப்போது யுத்தத்தில் இறங்கியிருக்கவில்லை. எனவே எல்லை கடந்து கனடாவுக்குச் சென்று, அந்நாட்டு விமானப்படையிற் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் ஸ்பிற்பயர் விமானத்தின் விமானியானார். 1941 ஆகஸ்டில் மிக உயரத்திற் பறந்த அனுபவத்திலிருந்து பதினான்கு வரிகளில் ஒரு கவிதை எழுதி, செப்டெம்பரில் பெற்றோருக்கு அனுப்பிய கடிதத்தோடு சேர்த்து விட்டார். ‘உயரப் பறத்தல்’ என்று நாம் தமிழிற் சொல்லக்கூடிய அக்கவிதைதான் ஆங்கிலம் பேசும் உலகின் விமானிகள் பலர் மனப்பாடமாக அறிந்தது. 1986இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறிய அன்று அமெரிக்க ஜனாதிபதி றேகன் நாட்டு மக்களுக்கு ஆறுதல் சொல்ல எடுத்தாண்டதும் இதன் சொற்களையே.

1941 டிசம்பர் 11ஆம் திகதி, முகிற்கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கிய மகீயின் விமானம், அவ்வழியே வந்த பிரித்தானியப் பயிற்சி விமானமொன்றுடன் மோதியது. மகீக்கு வயது பத்தொன்பது. பயிற்சி விமானத்தில் இருந்த இளைஞரும் மாண்டார். அவர்களை எதிரி சுடவில்லை. ஒரே பக்கத்துப் பிள்ளைகள் இருவர் முகிலுக்குள் ஒருவரையொருவர் காணாது மோதிக்கொண்டார்கள்.

நேயர்களே, இந்தக் கவிதையை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு விடயம் என்னை உறுத்தும். அதில் வானம் உண்டு, ஒளி உண்டு, காற்று உண்டு, கடவுளும் உண்டு. துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை. போர் விமானத்தில் இருந்து எழுதப்பட்ட கவிதையில் போரே இல்லை! அந்தப் பிள்ளை நேசித்தது பறத்தலை. ஆனால் அவர் கைக்குக் கிடைத்த விமானம் சுடுவதற்கென்றே செய்யப்பட்டது. இவை இரண்டு வேறு விடயங்கள். வாலிப வயதில் இவை ஒன்றுபோலவே தெரியும்.

இவ்விடத்தில் தந்தையையும் நினைக்கவேண்டும். அவர் பெயரும் ஜோன் மகீதான். 1937இல் ஜப்பானியப் படைகள் சீனாவின் நான்கிங் நகரைக் கைப்பற்றி மக்களைக் கொன்று குவித்தபோது, நகரை விட்டு ஓடாமல் நின்று, கைக் கமராவினால் அக்கொடுமைகளைப் படம் பிடித்தவர் அவர். 1946இல் தோக்கியோ விசாரணை மன்றில் சாட்சியமும் அளித்தார். நகரம் வீழுமுன் மாதக்கணக்காக அதன்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்திருந்தன. தந்தை விமானத்தைக் கீழிருந்து கண்டவர். மகன் மேலிருந்து உலகைக் கண்டவர். வானில் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழியை நோக்கிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய அனுபவம் எங்களிற் பலருக்கு உண்டு. ஆகவே அந்தத் தந்தையின் கண்ணை நாங்கள் மறந்துவிட முடியாது.

இரண்டாமவர் ஜேம்ஸ் சோல்ற்றர். இயற்பெயர் ஜேம்ஸ் ஹொறோவிற்ஸ். 1942இல் தந்தையின் வற்புறுத்தலால் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1945 மே மாதம் பயிற்சிப் பறப்பொன்றில் வழிதவறி, எரிபொருளும் தீரும் தறுவாயில், மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஒரு வீட்டின்மேல் விமானத்தோடு வந்து விழுந்தார். தெய்வாதீனமாக உயிர் தப்பினார். பின்னர் படையே அவரை ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. 1950இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். படிப்பா, விமானமா என்று தவிப்பவனுக்கு, ‘இரண்டும்’ என்று விடை கிடைத்த அதிர்ஷ்டசாலி என்று இவரைச் சொல்லலாம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முதுமாணிப் பட்டத்தோடு அமைதியான மேசையொன்றில் உட்கார்ந்திருக்கக்கூடியவர், தாமாகவே கேட்டுக் கொரிய யுத்தத்துக்குப் போனார். 1952இல் நூறு தடவைக்கு மேல் போர்ப் பறப்பில் ஈடுபட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 1956இல் வெளிவந்த ‘வேட்டைக்காரர்’ என்ற பொருள்படும் அவருடைய முதல் நாவல். படையில் இருந்தபடியே புனைபெயரில் வெளியிட்டார்.

அந்நாவலின் நாயகன் கிளீவ், எதிரி விமானங்களை வீழ்த்தித் தொகை சேர்க்கும் போட்டியில் பின்தங்கிப்போகிறான். மற்றவர்கள் எண்ணிக்கையால் மனிதனை அளக்கிறார்கள். ஈற்றில், யாராலும் வீழ்த்த முடியாதிருந்த எதிரி விமானியை அவனே வீழ்த்துகிறான். அந்தப் பெருமையை அவன் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. அதே பறப்பில் இறந்துபோன தன் துணை விமானியின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறான். வீரத்தை எண்ணிக்கையில் அளக்கும் உலகத்துக்கு, அதற்குள்ளேயே இருந்த ஒருவர் கொடுத்த பதில் இது. மறுவருடம், பன்னிரண்டு வருட சேவையின் பின், எழுதுவதற்காகவே சோல்ற்றர் படையை விட்டு விலகினார். தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து 2015இல் மறைந்தார்.

மூன்றாமவர் எங்கள் கடலுக்கு அக்கரையில், இராமேஸ்வரத்திற் பிறந்தவர். அப்துல் கலாமை அறியாதார் யார்? சென்னையில் விமானப் பொறியியல் படித்து முடித்தபோது, அவர் முன் இரு வாய்ப்புகள் இருந்தன. ஒன்று டில்லியிலே பாதுகாப்பு அமைச்சின் தொழில்நுட்பப் பிரிவு. மற்றது இந்திய விமானப்படை. அவர் மனம் நாடியது விமானப்படையை. டேராடூனில் நடந்த தேர்வில் இருபத்தைந்து பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்ததோ எட்டுப் பேரை! அந்த ஏமாற்றத்தை ‘அக்கினிச் சிறகுகள்’ என்ற சுயசரிதையிலே மறைக்காமற் சொல்லியிருக்கிறார். டில்லி வேலையை ஏற்றவர், பின்னாளில் றொக்கற் விஞ்ஞானியும் ஜனாதிபதியும் ஆனார். 2006இல், எழுபத்துநான்காவது வயதில், சுகோய் போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். ஒருவருடைய ஆசை அரை நூற்றாண்டு காத்திருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

படிப்புக் காத்திருக்கும், பறப்புக் காத்திராது என்று இளைஞர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. விமானிக்குக் கண் வேண்டும், உடல் வேண்டும், வயதெல்லை வேறு உண்டு. நூலகத்துக்கு நாற்பது வயதிலும் போகலாம். ஆனால் அமெரிக்க விமானப்படையில் இன்று இறக்கைச் சின்னம் பெறும் விமானி, அதன்பின் பத்து ஆண்டுகள் சேவை செய்ய உடன்பட்டாக வேண்டும். அந்தப் பத்து ஆண்டுகளில் எங்கே பறப்பது, எதன்மேல் பறப்பது, எதற்காகப் பறப்பது என்பதை முடிவு செய்பவன் விமானி அல்லன்.

ஆகவே இந்தத் தெரிவின் முன் நிற்கும் பிள்ளையிடம், “படிப்பா, விமானமா?” என்று நான் கேட்கமாட்டேன். “தம்பி, நீ விரும்புவது வானத்தையா, போரையா?” என்றுதான் கேட்பேன். வானத்தை என்றால், அதற்குப் பயணிகள் விமானம் உண்டு, விமானப் பொறியியல் உண்டு, வானிலை ஆராய்ச்சி உண்டு. நாட்டைக் காக்கும் கடமை என்று அவன் சொன்னால், அது மதிக்கவேண்டிய பதில். ஆனால் கீழே நிற்கும் மனிதரையும் நினைத்து முடிவெடு என்பேன்.

மகீயின் கவிதையைத் தேடிப் படியுங்கள். கூடவே, அவர் தந்தை நான்கிங்கிற் பிடித்த படங்களைப் பற்றியும் படியுங்கள். ஒன்றைப் படித்து மற்றதை விட்டால், நாம் பாதிக் கதையையே அறிந்தவர்களாவோம்.