மனச்சுமைக்கும் ஒரு சுமைதாங்கி

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமயச் சொற்பொழிவு நிகழும் மேடையில் மனநோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பகவத் கீதையின் முதல் அத்தியாயத்துக்குப் பெயரே அருச்சுன விஷாத யோகம். விஷாதம் என்பது மனச்சோர்வு. வில்லுக்கு விசயன் என்று உலகம் போற்றிய வீரனுக்கு வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, காண்டீபம் கையை விட்டு நழுவுகிறது. அந்த அத்தியாயத்தில் அவன் தன் துயரத்தைக் கொட்டும்போது கண்ணன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. உபதேசமெல்லாம் அதன் பிறகே வருகின்றது. மனச்சோர்வு வீரனுக்கும் வரும் என்பதும், அதற்கு முதல் மருந்து காதுகொடுத்துக் கேட்கும் ஒருவர் என்பதும் நம் சமயம் நமக்குச் சொல்லித் தந்த பாடங்கள் அன்றோ?

பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று நம் ஊவா மலைகளில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் “ஒரே யோசனையா இருக்கு”, “ராத்திரியில கண்ணு மூடுறதில்ல”, “நெஞ்ச அடைக்குது” என்ற சொற்களைக் கேட்கலாம். கடன் ஒரு வீட்டில், குடி ஒரு வீட்டில். தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக, பாட்டியிடம் வளரும் பிள்ளை மற்றொரு வீட்டில். பரீட்சையில் தவறிய மகன் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தையும் உலுக்கியது. இவற்றைக் கண்டவர்களுக்குத் தகரக் கூரையில் மழை விழும் ஓசையே போதும், உறக்கம் போய்விடும்.

இவர்கள் எங்கே போவது? கைத்தொலைபேசியில் தேடினால் இணையவழி உளவளத்துணை தருவோர் பலர் தென்படுகின்றனர். தனியாரிடம் ஒரு மணிநேரத்துக்குப் பல ஆயிரம் ரூபா கேட்பதுண்டு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. ஆகவே இது பணக்காரர் வைத்தியம் என்று நம்மவர் ஒதுங்கிவிடுகின்றனர். அந்த எண்ணத்தை மாற்றுவதற்காகவே இன்று பேசுகிறோம். காசில்லாமல் கிடைக்கும் உதவிகள் நம் நாட்டில் உண்டு.

முதலாவது 1926 என்ற இலக்கம். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் இலவசத் தொலைபேசிச் சேவை இது. இரவும் பகலும் இயங்குவது. இரண்டாவது 1333, இதுவும் கட்டணமின்றி மனத்துயரைக் கேட்டு ஆலோசனை கூறும் சேவை. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பும், பெயர் ஊர் வெளியிடாமல், காசு வாங்காமல், துயருற்றோர் சொல்வதைக் கேட்டு வருகின்றது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் பணியாற்றுகின்றனர். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு உண்டு. வைத்தியரும் மருந்தும் இலவசம். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரையின் பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். நான்கு நாள் விழுங்கிவிட்டுக் குணமில்லை என்று நிறுத்துவது, நாற்று நட்ட மறுநாள் கொழுந்து தேடுவதைப் போன்றது.

கட்டணம் கொடுத்து இணையவழி ஆலோசனை பெற விரும்புவோர் மூன்றைக் கேட்டறிதல் நலம். அவருடைய கல்வித் தகுதியும் பயிற்சியும் யாவை? முழுக் கட்டணம் எவ்வளவு, குறைந்த வருமானக்காரருக்குச் சலுகை உண்டா? தமிழில் பேசுவாரா? மருத்துவர் அல்லாத ஒருவர் மாத்திரை சொன்னாலும், ஒரே வாரத்தில் குணமாக்குவேன் என்று முன்பணம் கேட்டாலும் அவரை விட்டு விலகுங்கள்.

இலவசமாக உதவி இருந்தும் நம்மவர் ஏன் போவதில்லை? லயக் காம்பராவில் ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அங்கே இருந்து தொலைபேசியில் மனத்தைத் திறப்பது எப்படி? இது முதல் தடை. மொழி இரண்டாவது தடை. துயரத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல முடியும். தமிழ் 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி இந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆகவே தொடர்பு கிடைத்ததும் “தமிழில் பேச வேண்டும்” என்று தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாவது தடை அச்சமும் வெட்கமும். “பைத்தியம் என்பார்கள், பெண்ணுக்கு வரன் அமையாது” என்ற பயம் ஒருபுறம். உயிரை மாய்க்க முயன்றவனைப் பொலிஸ் பிடிக்கும் என்ற பயம் மறுபுறம். அவ்வாறு முயல்வது குற்றம் என்ற சட்டம் 1998லேயே நீக்கப்பட்டுவிட்டது. கோடாங்கியிடம் போவோரையும் நாம் இகழவில்லை. திருநீறும் இடுங்கள், வைத்தியரிடமும் காட்டுங்கள். மாரியம்மாள் இரண்டையும் தடுக்கமாட்டாள்.

1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர்; உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய நச்சு விவசாய மருந்துகளை அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்தது. அதன்பின் இருபதாண்டுகளில் அவ்விகிதம் ஏறக்குறைய எழுபது வீதம் குறைந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் கடந்து போகும் ஒரு வேளையே என்பதை இது காட்டுகின்றது. அந்த வேளையைத் தாண்டிவிட்டால் உயிர் நிலைக்கும். ஆகவே களைநாசினியை வீட்டில் வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமானால் பூட்டி வையுங்கள். ஆபத்தான நிலையில் உள்ளவரைத் தனியே விடாதீர்கள். 1990 என்ற இலவச அம்புலன்சை உடனே அழையுங்கள்.

ஆபிரிக்காவில் சிம்பாப்வே என்றொரு நாடு. அங்கே டிக்சன் சிபாந்தா என்ற மனநோய் வைத்தியர் தம்மிடம் சிகிச்சை பெற்று வந்த ஓர் இளம்பெண்ணை இழந்தார். அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரக் குடும்பத்தாரிடம் பஸ் கட்டணம் இருக்கவில்லை. அந்த வேதனையில் பிறந்த திட்டம்தான் நட்பு வாங்கு. 2006இல் ஹராரே நகரத்தில் பதினான்கு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய முற்றத்தில் மரவாங்கில் இருத்தினார். அந்நாட்டவரும் மனச்சோர்வை ‘அதிக யோசனை’ என்று பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றனர்! பயிற்சி பெற்ற சாதாரண மனிதர் கேட்டு வழிகாட்டினால் நோயின் தாக்கம் குறைகின்றது என்பதை 2016இல் வெளியான ஆராய்ச்சி உறுதிசெய்தது.

நாமும் வைத்தியராக முடியாது, ஆனால் வாங்காகலாம். சங்க மண்டபத்தில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், ஒரு நாற்காலியும், ஒரு தொலைபேசியும் ஞாயிறுதோறும் வைப்போம். வீட்டில் பேச முடியாதவர் அங்கே வந்து 1926உடன் பேசட்டும். கிளினிக் நாளில் துணைக்கு ஓர் உறுப்பினர் பஸ்ஸில் கூடப் போகட்டும். கட்டணத்தைச் சங்க நிதி ஏற்கட்டும். இளைஞர் சிலர் முறையான பயிற்சி பெறட்டும். ஒரே விதி: கேட்டது வெளியே போகக்கூடாது. அதை மீறுபவருக்கு அந்தப் பணியில் இடமில்லை.

பெரியோர்களே, பிள்ளை ‘மனசு சரியில்லை’ என்றால் ‘உனக்கென்ன குறை’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனை நாளாக?’ என்று கேளுங்கள். இளைஞர்களே, நண்பன் விளையாட வராமல் போனால் வீடு தேடிச் செல்லுங்கள்.

வழிப்போக்கர் தலைச்சுமையைச் சற்றே இறக்கி வைக்க நம் முன்னோர் தெருவோரத்தில் சுமைதாங்கிக் கல் நாட்டினர். யார் வந்தார், என்ன சுமை என்று அக்கல் கேட்பதில்லை. கொழுந்துக் கூடை சுமந்த நம் மக்களுக்கு மனச்சுமை இறக்க அப்படி ஓர் இடத்தை இந்த ஆண்டிலேயே அமைப்போமாக. கதிர்காமக் கந்தன் துணைநிற்பானாக.