வன்தட்டுகளின் பெயர்ப்பட்டியல்

திருக்கோணமலைத் துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்பது நேயர்கள் நன்கறிந்த செய்தி. அதனை அடுத்த கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, ஈச்சிலம்பற்றுப் பகுதியின் கரையோரத்தில், இலங்கைத்துறை முகத்துவாரம் என்னும் ஊர் உள்ளது. பெயரிலேயே துறையைத் தாங்கிய இவ்வூர் மீன்பிடி வள்ளங்களின் ஊர். துறை பெரிதாயினும் சிறிதாயினும் அதன் முதல் ஒழுங்கு ஒன்றே: எந்தக் கலம் எங்கே நிற்கிறது என்பதை அறியாமல் எவரும் அதில் சரக்கை ஏற்றுவதுமில்லை, அதிலிருந்து இறக்குவதுமில்லை.

இந்த ஒழுங்கு கணினிக்கும் உரியது. கணினியின் உள்ளே நிலையாகப் பொருத்தப்பட்ட வன்தட்டு ஒன்று இருக்கும். வெளியிலிருந்து இன்னும் இரண்டு மூன்று தட்டுகளையோ பென்டிரைவ்களையோ செருகுவதும் வழக்கம். இவற்றுள் எது எது என்று ஐயமின்றி அறிந்துகொள்வதற்கு, கட்டளை வரியில் சில எழுத்துகளைத் தட்டிப் பட்டியல் ஒன்றைப் பெறும் முறை உண்டு. பார்வைக்குச் சிறியதாகிய இந்தப் பழக்கம் இல்லாமையால் பல ஆண்டுகளின் உழைப்பு ஒரு நொடியில் அழிந்துபோவதுண்டு.

வன்தட்டின் வரலாறு நெடியதன்று. 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் பொறியை வெளியிட்டது. அதன் தட்டுத் தொகுதியில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ள அந்தத் தொகுதி முழுவதிலும் 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. அக்காலத்தில் எந்தத் தட்டு என்று கேட்க வேண்டிய தேவை எழவில்லை. அறையை நிறைத்து நின்ற பொறியைக் கண்ணாலேயே காணலாம். இன்றோ அதைப் போல் இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட கொள்ளளவுடைய தட்டு சட்டைப்பையில் அடங்குகிறது. ஒரே நிறமும் ஒரே அளவும் உடைய இரு தட்டுகள் மேசைமீது அருகருகே கிடக்கின்றன. கண் ஏமாறுகிறது.

தட்டுகளுக்குப் பெயரிடும் வழக்கம் இருவகைப்படும். கேரி கில்டால் 1974 ஆம் ஆண்டில் உருவாக்கிய சி.பி./எம். என்னும் இயங்குதளம் தட்டுகளை ஏ, பி என்னும் எழுத்துகளால் அழைத்தது. 1981 இல் வந்த டொஸ் அவ்வழக்கையே பின்பற்றியது. முதலிரண்டு எழுத்துகள் நெகிழ்தட்டுகளுக்கு உரியனவாயின. ஆகவே பின்னர் வந்த வன்தட்டு சி என்னும் எழுத்தைப் பெற்றது. நெகிழ்தட்டு வழக்கொழிந்த பின்னரும் விண்டோஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் முதல் வன்தட்டுப் பகுதி சி என்றே வழங்குவதன் காரணம் இதுவே. லினக்ஸ் இயங்குதளமோ பெரும்பாலான தட்டுகளை எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி., எஸ்.டி.சி. என வரிசைப்படுத்துகிறது. ஒரு தட்டின் பகுதிகள் அப்பெயரின் இறுதியில் 1, 2 என்னும் எண்களைப் பெறுகின்றன.

பட்டியலைப் பெறும் கட்டளைகளும் எளியனவே. லினக்ஸில் எல், எஸ், பி, எல், கே என்னும் ஐந்து எழுத்துகளைத் தட்டினால் போதும். தட்டுகளின் பெயர், அளவு, பகுதிகள் ஆகியவை மரத்தின் கிளைகள் போல விரியும். ஒவ்வொரு பகுதியும் கோப்புகளின் அமைப்பில் எவ்விடத்தில் இணைந்துள்ளது என்பதைக் கடைசி நிரல் காட்டும். விண்டோஸில், நிருவாகி உரிமையுடன் டிஸ்க்பார்ட் என்னும் நிரலைத் திறந்து, லிஸ்ட் டிஸ்க் என்று எழுதினால் தட்டுகள் 0 முதல் எண்ணிடப்பட்டுத் தோன்றும். பவர்ஷெல்லில் கெட்-டிஸ்க் என்னும் கட்டளை தொடரெண்ணையும் சேர்த்துக் காட்டும். மக்கின்டொஷ் கணினியில் டிஸ்க்யூட்டில் லிஸ்ட் என்பது அதற்குரியது. பழைய கைந்நூல்களில் காணப்படும் டபிள்யூ.எம்.ஐ.சி. என்னும் கட்டளையை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் கைவிட்டுவிட்டமையால், புதிய விண்டோஸ் பதிப்புகளில் அதனை நம்பியிருத்தல் தகாது.

கோப்புச் சாளரத்தைத் திறந்தாலே தட்டுகள் தெரிகின்றனவே, கட்டளை எதற்கு என்று சிலர் வினவுவர். சாளரம் காட்டுவது திறந்து பயன்படுத்தத்தக்க பகுதிகளை மட்டுமே. பகுதி பிரிக்கப்படாத புதிய தட்டும், அமைப்புச் சிதைந்த பழைய தட்டும் அங்கே பெரும்பாலும் தோன்றா. தோன்றாமையால் அது பழுதென்று எண்ணி எறிந்துவிடுவோரும் உளர். கட்டளையோ கணினி உணர்ந்த தட்டுகள் அனைத்தையும் காட்டுகிறது.

பட்டியலைக் கண்டு திகைக்க வைக்கும் செய்தி ஒன்றும் உண்டு. ஒரு டெராபைட் என்று விலைகொடுத்து வாங்கிய தட்டு, கணினியில் 931 என்னும் எண்ணையே காட்டும். விற்றவர் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்கிடுகின்றனர். இயங்குதளங்கள் பலவும் 1024 ஆல் பெருக்கிக் கணக்கிடுகின்றன. அளவுகோல் வேறு, பொருள் ஒன்றே.

இனி, இப்பட்டியலை ஏன் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்த்தல் வேண்டும் என்பது கேள்வி. இலங்கைத்துறைக் கரையில் ஓர் ஆசிரியை இருப்பதாகக் கொள்ளலாம். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியது. அதற்கு முன்னும் பின்னும் போர்க்கால இடப்பெயர்வுகள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவேடு என இழந்த தாள்களுக்குக் கணக்கில்லை. எஞ்சியவற்றையேனும் காக்க எண்ணிய ஆசிரியை, அயலவரின் நனைந்து மஞ்சளித்த தாள்களை ஒவ்வொன்றாக வருடிப் படமெடுத்துத் தட்டொன்றில் சேர்த்து வைக்கிறார். உறவினர் அளித்த பழைய தட்டு ஒன்றை முழுதும் துடைத்து, அதில் இரண்டாம் படியை எடுத்து வைக்க விரும்புகிறார்.

முதல் நாள் மாலையில் அவர் பட்டியலைப் பார்க்கிறார். பழைய தட்டு எஸ்.டி.பி.; படங்கள் உள்ள தட்டு எஸ்.டி.சி. தாளில் குறித்துக்கொண்டு உறங்கச் செல்கிறார். மறுநாட் காலையில் தட்டுகளைச் செருகும்போது வரிசை மாறிவிடுகிறது. இப்பொழுது படங்கள் உள்ள தட்டே எஸ்.டி.பி. ஆகிவிட்டது. ஏனெனில், அப்பெயர்கள் தட்டுக்குச் சொந்தமானவை அல்ல. கணினி அவற்றைக் கண்டுகொண்ட வரிசைக்கு உரியவை. துறையில் முதலாம் தரிப்பிடத்தில் நேற்று நின்ற கப்பல் இன்றும் அங்கேயே நிற்கும் என்று எவர் உறுதி கூறுவார்?

முதல் நாட் குறிப்பை நம்பி அவர் துடைக்கும் கட்டளையை இட்டிருந்தால் நிகழ்ந்திருக்கக்கூடியதை விரித்துரைக்க வேண்டியதில்லை. லினக்ஸில் டி.டி. என்னும் கட்டளை, எழுது என்று காட்டிய தட்டில் கேள்வியின்றி எழுதும். டிஸ்க்பார்ட்டில் கிளீன் என்னும் கட்டளையும் உறுதிப்படுத்துமாறு கேட்பதில்லை. அழித்தவை குப்பைத்தொட்டியில் போய்ச் சேர்வதுமில்லை.

கப்பல் உலகம் இச்சிக்கலுக்கு விடை கண்டிருக்கிறது. கப்பலின் பெயர் மாறலாம், கொடி மாறலாம், உரிமையாளரும் மாறலாம். ஆனால் சர்வதேச கடல்சார் அமைப்பின் திட்டப்படி வழங்கப்படும் ஏழிலக்க எண், கப்பல் உடைக்கப்படும் நாள்வரை மாறுவதில்லை. தட்டுக்கும் அத்தகைய எண் உண்டு. அதுவே தயாரித்தவர் இட்ட தொடரெண். அதனைக் காண, முன்னர்க் கூறிய ஐந்தெழுத்துக் கட்டளையை அடுத்து இடைவெளி விட்டு, சிறுகோடும் சிறிய ஓ எழுத்தும் இட்டு, மீண்டும் இடைவெளி விட்டு, நேம், சைஸ், மொடல், சீரியல் என்னும் நான்கு ஆங்கிலச் சொற்களையும் காற்புள்ளியால் பிரித்து, அவற்றிடையே இடைவெளியின்றி எழுத வேண்டும். பகுதிகளுக்கு யு.யு.ஐ.டி. என்னும் நீண்ட அடையாளமும் உண்டு. எனினும் தட்டைப் புதிதாக வடிவமைக்கும்போது அது மாறிவிடும். தொடரெண் மாறாது.

ஆசிரியை அறிந்திருந்தது இதனையே. கட்டளையை இடுவதற்கு முன் மீண்டும் ஒருமுறை பட்டியலை அழைக்கிறார். தட்டின் முதுகில் முன்னரே ஒட்டிவைத்த சிறு தாளில் உள்ள எண்ணைத் திரையிலுள்ள எண்ணுடன் ஒப்பிடுகிறார். பொருந்தவில்லை. கை நிற்கிறது. படங்கள் உள்ள தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, எஞ்சிய பழைய தட்டின் எண்ணை இரண்டாம் முறையும் சரிபார்த்த பின்னரே துடைக்கிறார். பின்பு மற்றதைச் செருகிப் படியெடுக்கிறார்.

1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை அறிந்த சமூகம் 2005 ஆம் ஆண்டில் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காத்துவருகிறது. அத்தகைய பெருமுயற்சிகளும், ஊர்தோறும் தனியொருவர் செய்யும் சிறு முயற்சிகளும் இறுதியில் தங்கியிருப்பது தட்டுகளின்மீதே. தீக்கும் கடலுக்கும் தப்பிய ஏடு, கவனக்குறைவான ஒரு கட்டளைக்கு இரையாதல் கூடாது.

ஆகவே, தட்டு ஒன்றைத் துடைக்கவோ வடிவமைக்கவோ முற்படுவோர் மூன்றினைக் கடைப்பிடித்தல் நன்று. பட்டியலில் தெரியும் தொடரெண்ணை எழுதித் தட்டின்மீது ஒட்டிவைத்தல். வேலைக்கு வேண்டாத தட்டுகளை முன்னரே கழற்றிவிடுதல். இறுதிக் கட்டளைக்குச் சற்று முன்னர் பட்டியலைப் புதிதாக அழைத்து ஒப்பிடுதல். இவற்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அலை ஓய்ந்த காலையிலும் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தே வள்ளத்தைத் தள்ளும் கடற்றொழிலாளருக்கு இந்த ஒரு நிமிடத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.